சத்தம் போடாத மடக்கு சைக்கிள்

மூணாறு பக்கம் சின்னக்கானலுக்கு மேலே உள்ள ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருக்கும் மிக்கேல்ராஜுக்கு ஐம்பத்தாறு வயது. இத்தனை வருஷத்தில் அவர் எதற்கெல்லாம் பயந்தார் என்று எழுதப் போனால் ஒரு குயர் நோட்டு போதாது. அதற்காக அவரைப் பயந்தாங்கொள்ளி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடவும் முடியாது. ஓடி நின்ற தேயிலை ரோலருக்கு அடியில், இன்னும் சூடு ஆறாத இரும்புக்குக் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு போல்ட்டு முறுக்குகிற ஆளை அப்படி எப்படிச் சொல்வது? தனக்கு வருவதைப் பற்றி அவருக்குப் பயம் குறைவு. தன்னைச் சேர்ந்தவர்களுக்கு வருவதைப் பற்றித்தான் எல்லாப் பயமும். மனைவி கத்தரீனாள் இரண்டு தடவை சேர்ந்தாற்போல் இருமினால் போதும், மனிதர் மனசுக்குள்ளேயே ஜீப் பிடித்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, வராந்தாவில் உட்கார்ந்து அழுது முடித்திருப்பார். அவள் வெந்நீர் குடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பாள்.

"இந்த மனுசன் ஒரு நாளாவது நிம்மதியா உக்காந்து கஞ்சி குடிச்சு நான் பாத்ததில்ல" என்று கத்தரீனாள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். அது உண்மைதான். 

பயங்களுக்குள் பெரிய பயம் சத்தம். இரும்பு இரும்போடு உரசும் சத்தம், ஆணி தளர்ந்த சத்தம், பேரிங் முனகுகிற சத்தம். அவருக்கு இருபத்து மூன்று வயதானபோது, ஒரு ரோலரின் பேரிங் இரண்டு நாளாக முனகிக்கொண்டிருந்தது. அவர் காதில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை மெஷின் நிற்கும், அப்போது பிரித்துப் பார்க்கலாம் என்று இருந்துவிட்டார். சனிக்கிழமை மத்தியானம் பேரிங் உடைந்தது, பெல்ட் அறுந்தது, பக்கத்தில் கொழுந்து தள்ளிக்கொண்டிருந்த சவரிமுத்துவின் வலது கையில் மூன்று விரல் போனது. சவரிமுத்து மிக்கேல்ராஜின் கூட்டாளி. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். அந்த முனகலை முன்பே கேட்டேன் என்பதை மிக்கேல்ராஜ் அவனிடம் இதுவரை சொல்லவில்லை. சொல்லும் தைரியம் முப்பத்து மூன்று வருஷத்தில் வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் கைபட்ட எந்த மெஷினும் சத்தம் போட்டதில்லை. புதிதாக வந்த மேனேஜர்கள், ஃபேன் ஓடுகிறதா நிற்கிறதா என்று கையை நீட்டிக் காற்றைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். சத்தம் வந்தால் ஆபத்து வருகிறது, சத்தம் இல்லையென்றால் ஆபத்து இல்லை. அவர் படித்த படிப்பு மொத்தமும் இவ்வளவுதான். முப்பத்து மூன்று வருஷம் அது பொய்க்கவும் இல்லை.

அவருக்கு ஒரே மகள், ஜிஸ்மி. நர்ஸிங் படித்துவிட்டு பஞ்சாயத்தில் பாலியேட்டிவ் நர்ஸாக வேலை பார்க்கிறாள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்து, புண்ணுக்குக் கட்டுப் போட்டு, குழாய் மாற்றி, மருந்து கொடுத்துவிட்டு வரும் வேலை. வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் அவளுக்கு எஸ்டேட்டின் மேல் டிவிஷனுக்குப் போகிற முறை. அங்கே போகும் வழியில் ஓடைமேல் இருந்த பாலத்தைப் போன மழையில் வெள்ளம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. புதுப் பாலத்துக்கு அளவெடுத்துப் போயிருக்கிறார்கள். அதுவரைக்கும் இரண்டு இரும்புக் குழாயைப் போட்டு, மேலே பலகை அடித்து, ஆள் மட்டும் நடந்து போகிற மாதிரி ஒரு வழி செய்திருக்கிறார்கள். ஜீப் இந்தக் கரையிலேயே நின்றுவிடும். அந்தக் கரையிலிருந்து நான்கு கிலோமீட்டர் கல் ரோடு. போகும்போது ஏற்றம், வரும்போது இறக்கம்.

ஒரு நாள் சாயங்காலம் ஜிஸ்மி பேச்சை ஆரம்பித்தாள்.

"அப்பா, மேல் டிவிசன்ல ஏழு பேரு கெடையில கெடக்காங்க. நடந்து போயி நாலு பேரப் பாக்குறதுக்குள்ள ஜீப்பு நேரமாயிருது. மத்த மூணு பேரு பழைய கட்டோட அடுத்த மொற வரைக்கும் கெடக்கணும். சிஜு அண்ணன் வீட்டுல ஒரு மடக்கு சைக்கிள் சும்மா கெடக்கு. ஜீப்புல போட்டுக் கொண்டு போயி, பாலத்துல தோள்ல மாட்டித் தூக்கிட்டுப் போயிட்டா, அக்கரையில ஓட்டிக்கலாம்."

மிக்கேல்ராஜுக்கு மடக்கு என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. மடக்கு சைக்கிள் என்றால் நடுவில் மடங்குகிற சைக்கிள். இறக்கத்தில் போகும்போது அது நடுவில் மடங்கினால்? அந்தக் காட்சி முழுவதையும், அவள் விழுகிற கல் உட்பட, அவர் அந்த இடத்திலேயே பார்த்துவிட்டார்.

"ஸ்கூட்டி வாங்கித் தாரேன்" என்றார்.

"ஸ்கூட்டிய எப்பிடிப்பா தோள்ல மாட்டுறது?"

நான்கு நாள் வேண்டவே வேண்டாம் என்று சொன்னார். ஐந்தாம் நாள் அவருக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று பிடித்தது. தான் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தால், இவள் ஒரு நாள் அந்தச் சைக்கிளை அப்படியே, யாரும் ஒரு ஆணியைக்கூடத் தொட்டுப் பார்க்காத நிலையில், எடுத்துக்கொண்டு போய்விடுவாள். ஷிஃப்டு முடிந்ததும் நேராக சிஜுவின் வீட்டுக்கு நடந்தார்.

சிஜு ஜீப் டிரைவர். மலையாளி. எஸ்டேட்காரர்களோடு பழகிப் பழகி அவன் தமிழும் ஒரு தினுசாக ஆகியிருந்தது. அந்தச் சைக்கிள் அவனிடம் வந்ததற்கு ஒரு கதை இருந்தது. கல்பாத்தியிலிருந்து வந்த ஒரு பெரியவர், ரிட்டயர் ஆனவர், அதைக் காரில் கொண்டுவந்து மூணாறு இறக்கத்தில் ஓட்டிப் பார்த்தாராம். இரண்டாவது வளைவிலேயே காலை ஊன்றி நிறுத்திவிட்டு, சிஜுவைக் கைதட்டிக் கூப்பிட்டு, சைக்கிளை அவன் ஜீப்பில் போட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்துவிட்டாராம்.

"எனிக்கு எதுக்கு சேட்டா இது? ராத்திரி கோழிதான் அதுமேல ஒறங்குது. கொண்டு போய்க்கோ" என்றான் சிஜு.

கோழி எச்சத்தைக் கழுவியபோது கீழே பச்சைப் பெயிண்டு தெரிந்தது. சின்னச் சின்னச் சக்கரம், நீளமான சீட்டுக் கம்பி, நடுவில் ஒரு கீல். கீலைப் பூட்டுகிற நெம்புகோல் தேய்ந்துபோய், விரலால் தட்டினாலே திறந்துகொண்டது. மிக்கேல்ராஜ் அதைப் பத்து தடவை தட்டிப் பத்து தடவையும் திறப்பதைப் பார்த்துவிட்டு, தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

வேலை மூன்று வாரம் நடந்தது. லயத்து வாசலில், சாயங்காலம் வெளிச்சம் இருக்கும் வரைக்கும். இப்படியொரு வண்டி வேலையை வேறு யாராக இருந்தாலும் சந்தோஷமாகச் செய்திருப்பார்கள். இவர் செய்ததெல்லாம் பயத்தில் செய்ததுதான். கீல் திறந்துகொள்ளுமோ என்று பயந்து, டிரையர் கதவுக்குப் போடுவது போன்ற ஒரு குறுக்கு ஆணியைக் கீலில் துளைபோட்டு மாட்டினார். அந்த ஆணி கழன்று விழுமோ என்று அதன் நுனியில், மடக்கும்போது கையால் உருவி எடுக்கிற மாதிரி ஒரு கொக்கி ஊசி மாட்டினார். பிரேக் ஒயர் அறுந்தால் என்று மோட்டார் பைக்கின் கிளட்ச் ஒயரை வாங்கிப் போட்டார். முன் பிரேக் ஒரேயடியாகப் பிடித்து அவளைக் குப்புறத் தள்ளினால் என்று அதைக் கொஞ்சம் தளர்த்தி, பின்னுக்குக் கெட்டியான கட்டை வைத்தார். பின் கேரியரில் மருந்துப் பையை வைத்தால் வளைவில் ஆளைச் சாய்க்கும் என்று, முன் சக்கரத்துக்கு மேலே தாழ்வாக ஒரு கம்பிக் கூடை செய்து, கொழுந்து கட்டும் நைலான் சாக்கை அதற்கு மழைச்சட்டை மாதிரி தைத்தார். பாலத்தில் தோளில் மாட்ட ஃபேக்டரியில் கழித்துப் போட்ட பெல்ட்டிலிருந்து ஒரு வார்.

சோதனைக்கு முதலில் அரிசி மூட்டையைக் கட்டி ஓட்டினார். பிறகு கத்தரீனாளை ஏறி உட்காரச் சொன்னார்.

"கல்யாணத்தன்னைக்கே என்ன நடத்தித்தான கூட்டிட்டு வந்தீரு? இப்ப என்ன புதுசா சவாரி?" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

எல்லாம் முடிந்த பிறகும் அவருக்குத் திருப்தி வரவில்லை. கல் ரோட்டில் ஓட்டினால் வண்டி சளசளவென்று பேசியது. கீல் கடகடத்தது, மட்கார்டு அதிர்ந்தது, மணி தானாகவே டிங் டிங் என்றது, மிதிக்காமல் விட்டால் பின்சக்கரத்து ஃப்ரீவீல் டிக்டிக்கென்று ஓயாமல் அடித்தது. அவர் முகம் இருண்டுபோனது. இத்தனை சத்தத்துக்குள் நிஜமாகவே ஒரு ஆணி தளர்ந்தால் எந்தக் காதுக்குக் கேட்கும்?

ஒவ்வொன்றாக அடக்கினார். கீலுக்குள் பெல்ட் ரப்பரை வெட்டி வைத்தார். மட்கார்டுக்கு வாஷர். மணிக்கு அடியில் டியூப் துண்டு. ஃப்ரீவீலைப் பிரித்து, ஃபேக்டரியில் பெரிய பேரிங்குக்குப் போடும் கெட்டி கிரீஸை உள்ளே அப்பினார். கடைசி ஞாயிற்றுக்கிழமை, லயத்துக்கு மேலேயிருந்து இறக்கத்தில் விட்டுப் பார்த்தபோது, வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த கத்தரீனாள், தன் முதுகுக்குப் பின்னால் அவர் வந்து நின்று "ஏட்டி" என்று சொன்ன பிறகுதான் திடுக்கிட்டுத் திரும்பினாள். முறம் கையிலிருந்து நழுவிவிட்டது.

"மாதாவே. பூன மாதிரி வாறீரு."

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டை மிக்கேல்ராஜ் நிம்மதியாகச் சாப்பிட்டார். இதைக் கத்தரீனாள் கவனித்தாளா என்று தெரியவில்லை.

யானையை மட்டும் அவர் யோசிக்கவே இல்லை. சின்னக்கானல் பக்கத்தில் குடியிருந்துகொண்டு யானையை யோசிக்காமல் இருந்தாரா என்றால், அப்படியும் இல்லை. யானைக்கு அவர் தினமும் பயந்தார். ரேஷன் கடைச் சுவரை அது தள்ளியதைப் பார்த்திருக்கிறார். எந்தப் பக்கம் யானை நிற்கிறது என்று ஊர்க்காரர்கள் செய்தி போடும் வாட்ஸாப் குரூப்பை, படுக்கப் போகும்முன் ஜெபம் சொல்லுகிற மாதிரி ஒரு தடவை பார்ப்பார். ஆனால் யானைப் பயத்தை ஒரு பெட்டியிலும் சைக்கிள் பயத்தை வேறு பெட்டியிலும் போட்டு வைத்திருந்தார். மனிதருக்கு இருந்த பயங்களுக்குக் கணக்குவழக்கு இல்லாததால், எது எதோடு சேரும் என்று பார்க்க நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

ஐந்து வாரம் எல்லாம் ஒழுங்காகப் போனது. செவ்வாயும் வெள்ளியும் ஜிஸ்மி சைக்கிளை மடக்கி சிஜுவின் ஜீப்பில் ஏற்றுவாள். ஏழு பேரையும் பார்த்துவிட்டு, நான்கு மணி ஜீப்புக்குப் பாலத்தடியில் வந்து நிற்பாள். வீட்டுக்கு வந்ததும் மிக்கேல்ராஜ் சைக்கிளை வாங்கி, காதைப் பக்கத்தில் வைத்துச் சக்கரத்தைச் சுழற்றிப் பார்ப்பார். ஒரு சத்தமும் இருக்காது. "நல்லா ஓடுதாம்மா?" என்று கேட்பார். "நல்லா ஓடுதுப்பா" என்பாள்.

ஆறாவது வாரம் வெள்ளிக்கிழமை அவருக்குக் காலை ஷிஃப்டு. இரண்டரை மணிக்கு வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது போன் முனகியது. குரூப்பில் யாரோ போட்டிருந்தார்கள். "பாலத்துக்கு அக்கரையில கிராண்டிஸ் காட்டு வளைவுல ஒத்தக் கொம்பன் நிக்குது. ரோட்டோரம். மஞ்சு எறங்குது. அந்த வழி யாரும் வராதீங்க." ஒத்தக் கொம்பன் என்றால் தனியாகத் திரியும் தந்தமுள்ள ஆண் யானை. கிராண்டிஸ் என்பது எஸ்டேட்டில் விறகுக்கு வளர்க்கும் யூக்கலிப்டஸ். மேல் டிவிஷனிலிருந்து இறங்குகிறவர்கள் அந்த வளைவைத் தாண்டாமல் பாலத்துக்கு வர முடியாது.

ஜிஸ்மிக்குப் போன் போட்டார். எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண்குரல் மலையாளத்தில் சொன்னது. மறுபடி போட்டார். அதே குரல், அதே நிதானம். மேல் டிவிஷனில் சிக்னல் கிடையாது என்பது அவருக்குத் தெரியும். இருந்தும் ஏழு தடவை போட்டார்.

கழற்றிய சட்டையை மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியபோது, நான்கு மணி டிரிப்புக்குப் பாலத்தடிக்குப் போகவேண்டிய சிஜு, முன்கூட்டியே வண்டியை எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தான். அவனும் குரூப்பைப் பார்த்திருந்தான்.

"வனத்துறை வாச்சர்மாரக் கூப்ட்டிருக்கு சேட்டா. நாலு மணிக்குள்ள வரும். நீங்க பேடிக்காத" என்றான்.

பேடிக்காத என்றால் பயப்படாதே. மிக்கேல்ராஜிடம் போய் அதைச் சொன்னான் பாருங்கள்.

பாலத்தடியில் ஜீப் நின்றபோது மணி மூன்று இருபது. எதிர்க்கரையில் ரோடு இருபதடிக்கு மேல் தெரியவில்லை. அதற்கப்பால் மஞ்சு. மஞ்சு என்று இங்கே சொல்வது மூடுபனியை. அது இறங்கினால் பகல் இரவு என்ற பேச்சே கிடையாது, எல்லாம் ஒரே சாம்பல். ஜிஸ்மி கடைசி வீட்டை விட்டுக் கிளம்புவது மூன்றரைக்கு. வளைவுக்கு வந்து சேர மூன்றே முக்கால். வாச்சர்கள் வர நான்கு மணியாகும். மிக்கேல்ராஜ் பாலத்தின் பலகைமேல் ஏறி, குழாயைப் பிடித்துக்கொண்டு, அவர் வாழ்நாள் முழுக்கச் செய்ததைச் செய்தார். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

ஓடைத் தண்ணீர் கேட்டது. எங்கோ ஒரு காட்டுக்கோழி கேட்டது. சைக்கிள் வருகிறதா?

அப்போதுதான் உறைத்தது. அது வந்தாலும் கேட்காது. கேட்காதபடி அவர்தான் செய்து வைத்திருக்கிறார். அவர் காதுக்கே கேட்காதென்றால் வளைவில் நிற்கும் யானைக்கு எப்படிக் கேட்கும்? கால்நடையாக வருகிறவர்கள் பேசிக்கொண்டு வருவார்கள், செருமுவார்கள், கம்பால் கல்லைத் தட்டுவார்கள். ஜீப் வருவது ஒரு மைலுக்குக் கேட்கும். ஆள் வருவது தெரிந்தால் யானை பெரும்பாலும் தானே விலகிவிடும். இந்தப் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். திடீரென்று பக்கத்தில் போய் நின்றால்தான் அது திரும்பி மிதிக்கும். மணி இருக்கிறதே என்று நினைத்தார். இறக்கத்தில் இரண்டு கையும் பிரேக்கில் இருக்கும், மணியை எந்தக் கையால் அடிப்பாள்? கல்லில் குதிக்கும்போது தானாக அடித்துக்கொண்டிருந்த மணிக்கு அடியிலும் டியூப் துண்டைச் செருகியது யார்?

குழாயை விட்டுவிட்டுப் பலகையில் நடந்தார். 

"சேட்டா, போகண்டா" என்று பின்னால் சிஜு கத்தினான். மிக்கேல்ராஜ் அக்கரையில் இறங்கியிருந்தார்.

வளைவு ஒரு கிலோமீட்டர். அவர் போட்டிருந்த திட்டம் ஒன்றுதான். வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் நின்று, தொண்டை கிழியக் கத்த வேண்டும். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினால் மேலேயே நின்றுவிடுவாள். யானை தன் பக்கம் திரும்பினால் திரும்பட்டும். அருள் நிறைந்த மரியே என்று ஜெபத்தை ஆரம்பித்தார். ஐந்து வயதிலிருந்து சொல்லிவரும் ஜெபம் பாதியில் மறந்துபோனது. முதலிலிருந்து ஆரம்பித்தார். அதே இடத்தில் மறுபடியும் மறந்தது. பிறகு அந்தப் பாதியையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நடந்தார்.

முதலில் வாடைதான் வந்தது. நனைந்த சாக்கும் சாணமும் சேர்ந்தாற்போன்ற வாடை. அவர் நின்றார். மஞ்சு ஒரு பக்கம் கொஞ்சம் விலகியது. தேயிலைச் செடிகளுக்கு மேலே, ரோட்டோரமாக, ஒரு பாறை தெரிந்தது. அந்த இடத்தில் பாறை கிடையாது என்பது அவருக்குத் தெரியும். பாறையில் ஒரு காது அசைந்தது. வளைவுக்கு முன்னால் அல்ல, வளைவுக்கே வந்து சேர்ந்துவிட்டார். நடுவில் முப்பது தப்படி இருக்கும். அது அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவள் வரவேண்டிய பக்கத்தைப் பார்த்து நின்றது.

கத்த வேண்டும். வாயைத் திறந்தார். காற்று போனது, குரல் வரவில்லை. இன்னொரு தடவை திறந்தார். ஜிஸ்மி என்பது எவ்வளவு சின்னப் பெயர். அதை வெளியே தள்ள முடியவில்லை. மணிக்கட்டில் வாட்ச் இருந்தது, அதைப் பார்க்கவும் பயமாக இருந்தது. என் பிள்ளையை நானே இதன் காலடியில் கொண்டுவந்து விடுகிறேன், அதையும் நின்று பார்க்கப் போகிறேன் என்று மட்டும் தோன்றியது. கால் இரண்டும் ரோட்டில் வேரோடிவிட்டன.

அந்த நேரத்தில்தான் மேலேயிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

கடகட கடகட என்று, தகரமும் கல்லும் சேர்ந்து, கேட்கச் சகிக்காத சத்தம். கொஞ்சம் நிற்கும். பிறகு யாரோ வேண்டுமென்றே பிடித்து உலுக்குகிற மாதிரி இன்னும் பலமாக வரும். மறுபடி இறங்கும். யானையின் இரண்டு காதும் விரிந்தன. துதிக்கையைத் தூக்கிக் காற்றை மோந்தது. மிக்கேல்ராஜ் மூச்சை விடவில்லை. அது ஒரு நிமிஷம் யோசித்த மாதிரி நின்றது. பிறகு, நேரமாகிவிட்டது என்று எழுந்து போகிற பெரிய மனிதரைப் போல, அவசரமில்லாமல் திரும்பி, ரோட்டைக் குறுக்கே கடந்து, கிராண்டிஸ் காட்டுக்குள் ஏறியது. கிளைகள் முறிகிற சத்தம் மேலே மேலே போய், பிறகு அதுவும் இல்லை.

வளைவைச் சுற்றி ஜிஸ்மி வந்தாள். மஞ்சில் வழி தெரியாமல் சைக்கிளிலிருந்து இறங்கி, உருட்டிக்கொண்டு, நான்கடிக்கு ஒரு தடவை அதைப் பிடித்து உலுக்கிக்கொண்டு வந்தாள். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின் தொங்கியது. புண்ணுக்குச் சுற்றும் கட்டுத்துணியால் அதைக் கட்டியிருந்தாள். உள்ளே கூழாங்கல்லும் ஒரு பழைய கரண்டியும்.

நடுரோட்டில் அப்பா நிற்பதைப் பார்த்ததும் அவள் நின்றுவிட்டாள். அவள் கீழே, ரோட்டில் கிடந்த யானை லத்தியைப் பார்த்தாள். அதிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

"இப்பத்தான் போச்சா?"

மிக்கேல்ராஜ் தலையை ஆட்டினார். பிறகு கையை நீட்டி டின்னைத் தொட்டார்.

"இது என்னம்மா?"

ஜிஸ்மிக்கு முகம் ஒரு மாதிரி ஆனது. திருட்டுத்தனம் பிடிபட்ட பிள்ளையின் முகம். "ரெண்டாவது நாளே தெரிஞ்சிருச்சுப்பா. இந்த எடத்துலயே ஒரு காட்டுப்பன்னி, பக்கத்துல வாற வரைக்கும் அதுக்கு நான் வாறது தெரியல. எனக்கும் அது நிக்கறது தெரியல. நல்ல வேள, அது அந்தப் பக்கம் ஓடிருச்சு. அன்னைக்கே மேல ஒரு வீட்டுல டின்னு வாங்கிக் கட்டிட்டேன். பாலத்துக்கிட்ட வந்ததும் அவுத்துப் பாறச் சந்துல வச்சுட்டு வந்துருவேன்."

"எங்கிட்டச் சொல்லல."

"மூணு வாரம் உக்காந்து ஒவ்வொரு சத்தமா எடுத்தீங்க. எப்பிடிப்பா சொல்ல?"

அவருக்கு அழுகை வந்தது. ரோட்டில் நின்று அழுவதற்கு அது இடமும் இல்லை, நேரமும் இல்லை. டின்னைக் கட்டியிருந்த முடிச்சைப் பார்த்தார். துணி கல்லில் உரசி நூல் நூலாகப் பிரிந்திருந்தது. இன்னும் இரண்டு முறை தாங்கியிருக்கும், அல்லது இன்னும் இரண்டு வளைவு. ஃபிட்டரின் சட்டைப் பையில் எப்போதும் கொஞ்சம் கட்டுக்கம்பி இருக்கும். அங்கேயே குனிந்து, டின்னை மட்கார்டோடு சேர்த்து மூன்று சுற்று சுற்றி முறுக்கினார். கம்பி இரண்டு தடவை நழுவியது. பிறகு சைக்கிளை அவளிடமிருந்து தானே வாங்கிக்கொண்டு, "நீ எம் பக்கத்துலயே வா" என்று சொல்லி, அதை உலுக்கிக்கொண்டே இறங்கினார். காதுக்குள் ஊசி ஏறுகிற மாதிரியான அந்தச் சத்தத்தை ஒரு கிலோமீட்டரும் விடாமல் செய்துகொண்டு வந்தார்.

பலகையில் அவர்கள் கால் வைத்ததும் சிஜு எதிரே ஓடிவந்தான்.

"கொம்பனக் கண்டோ?"

"நான் காணல சிஜுண்ணா. அப்பாதான் கண்டாரு" என்றாள் ஜிஸ்மி. அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. "என்னத் தேடி ஒத்தையா வந்திருக்காரு. ஆனை நின்ன எடத்துல, நடுரோட்டுல நிக்காரு."

சிஜு மிக்கேல்ராஜை ஏற இறங்கப் பார்த்தான். இந்தச் செய்தி இன்னும் ஒரு மணி நேரத்தில் லயம் முழுக்கப் போய்விடும் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. மிக்கேல்ராஜ் பேசாமல் இருந்திருக்கலாம். பேசாமல் இருப்பது எப்படி என்று அவருக்கு நன்றாகவே தெரியும், சவரிமுத்துவிடம் அப்படித்தான் இருந்தார்.

"நான் கத்தலம்மா" என்றார். "கத்தணும்னுதான் வந்தேன். அது நிக்குது. நீ வாற நேரம்னு தெரியும். வாயத் தொறக்கேன், சத்தம் வரல. நீ இதக் கட்டிட்டு வராம இருந்திருந்தா நான் சும்மா பாத்துட்டுத்தான் நின்னிருப்பேன். பயந்துட்டேன்."

சிஜு வேறு பக்கம் பார்த்தான். ஜிஸ்மி அப்பாவின் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த தேயிலை இலையை எடுத்துப் போட்டாள். காலர் பனியில் நனைந்து ஊறிப்போயிருந்தது.

"பயந்துட்டீங்கன்னு உங்க மொகத்தப் பாத்தப்பவே தெரியும்பா" என்றாள். "ஆனாலும் ஓடாமத்தான நின்னீங்க."

சைக்கிளை ஜீப்பில் ஏற்றுவதற்காக சிஜு அதைப் பிடித்து இழுத்தான். கைப்பிடியை விடச் சொல்லி இரண்டு தடவை சொன்ன பிறகுதான் மிக்கேல்ராஜ் விட்டார்.